மூன்று வாரப் படுக்கைக்குப் பிறகு அப்பாவால் ஏன் எழ முடியவில்லை?

உங்கள் கேள்வியைப் படிக்காதவர்களுக்காக முதலில் அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 71 வயது. மும்பை செம்பூரில் லிஃப்ட் இல்லாத பழைய பில்டிங், மூன்றாவது மாடி. நிமோனியா வந்து 9 நாள் ஆஸ்பத்திரி, வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு வாரம் படுக்கை. இப்போது எக்ஸ்ரே சுத்தம், ஆக்ஸிஜன் அளவும் சரி. கைகொடுத்துத் தூக்கி நிறுத்திவிட்டால் ஹாலைச் சுற்றி நடக்கிறார். ஆனால் சோபாவிலிருந்து தானாக எழ முடியவில்லை, முயன்றால் தொடை நடுங்குகிறது. டாக்டர் "வீக்னெஸ்தான், போகப்போகச் சரியாகும்" என்கிறார். அம்மா "இன்னும் பத்து நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்கிறார். சொந்தக்காரர் ஒருவர் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார். தொடை கொஞ்சம்தான் வற்றியிருக்கிறது, பலம் மட்டும் எப்படி இவ்வளவு போனது, டானிக் ஏதாவது கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 19 வருடமாக சயான், மாட்டுங்கா பக்கம் ஃபிசியோதெரபி செய்கிறேன். மாதத்துக்கு நாலு வீட்டிலாவது இதே கேள்வி வரும். படுத்தே கிடந்தால் சதை குறையும், அது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சதை குறைவதைவிட வேகமாக அதன் இழுக்கும் திறன் குறைகிறது என்பது பலருக்குத் தெரியாது. டேப்பை வைத்துத் தொடையை அளந்தால் ஒரு சென்டிமீட்டர்தான் குறைந்திருக்கும், உள்ளே நஷ்டம் அதைவிடப் பெரிது. அதனால் அம்மா சொல்லும் அந்தப் பத்து நாள் ரெஸ்ட் மட்டும் வேண்டவே வேண்டாம்.

முதலில், "நடக்கிறார், ஆனால் எழ முடியவில்லை" என்ற முரணைப் பார்ப்போம். நாற்காலியிலிருந்து எழுவது சின்ன வேலை என்று நமக்குத் தோன்றும். தொடையின் முன்பக்கத் தசைக்கு அது பெரிய வேலை. இளைஞர் ஒருவர் எழும்போது அந்தத் தசையின் முழு பலத்தில் பாதியைக்கூடச் செலவழிப்பதில்லை. எழுபதைத் தொட்டவர் நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும்போதே ஏறக்குறைய 80 சதவீதத்தைச் செலவழித்துத்தான் எழுகிறார். மும்பைக் கணக்கில் சொன்னால், 100 ரூபாய் சம்பளத்தில் 80 ரூபாய் வாடகைக்குப் போகிறது. எப்படியோ ஓடிக்கொண்டிருக்கும், வெளியே யாருக்கும் தெரியாது. சம்பளம் 75 ஆகும் மாதம்தான் வீட்டையே காலி செய்ய வேண்டி வரும். உங்கள் அப்பாவுக்கு நடந்தது இதுதான். சமதரையில் நடக்க அவ்வளவு செலவில்லை, அதனால் நடக்கிறார். சோபா தாழ்வாக இருப்பதால் அங்கே செலவு இன்னும் அதிகம், அதனால் அங்கே தோற்கிறார்.

சரி, அந்த 25 ரூபாய் எங்கே போனது? அதற்குத் தசை எப்படி இழுக்கிறது என்பது கொஞ்சம் தெரிய வேண்டும்.

ஊரில் தேர் வடம் பிடித்திருப்பீர்கள், குறைந்தபட்சம் பார்த்தாவது இருப்பீர்கள். வடத்தைப் பிடித்து ஒரு இழு, கையை விட்டு முன்னால் தள்ளிப் பிடித்து மறுபடி ஒரு இழு. தசைக்குள் நடப்பது கிட்டத்தட்ட அதுதான். ஆக்டின் என்ற மெல்லிய இழை வடம். மயோசின் என்ற தடித்த இழையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஆயிரமாயிரம் தலைகள் கைகள். 1954-ல் இரண்டு குழுக்கள் இதை நேச்சர் இதழில் அடுத்தடுத்த கட்டுரைகளாக வெளியிட்டன. ஒன்றில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்க்கும், இன்னொன்றில் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹேன்சனும் இருந்தார்கள். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவில்லை. இழைகள் தாங்களாகச் சுருங்குவதில்லை, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உள்ளே போகின்றன, அதனால்தான் தசை குட்டையாகிறது என்று இரண்டு குழுக்களும் கண்டன.

இந்த வடமும் கைகளும் அடங்கிய ஒரு கட்டத்துக்கு சார்க்கோமியர் என்று பெயர். நீளம் ஏறக்குறைய 2.5 மைக்ரான். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தசைநாரில் இப்படி 40,000 கட்டங்கள் ரயில் பெட்டிகள்போல வரிசையாகக் கோர்த்திருக்கும். வரிசையாகக் கோர்த்தவை எவ்வளவு தூரம், எவ்வளவு வேகமாகச் சுருங்கலாம் என்பதைத் தீர்மானிக்கும். பக்கவாட்டில் அடுக்கியவை எவ்வளவு பலமாக இழுக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும். இந்த வித்தியாசம் பின்னால் தேவைப்படும்.

கைகள் தாமாக வடத்தைப் பிடிப்பதில்லை, கொட்டுச் சத்தம் கேட்க வேண்டும். மூளையிலிருந்து கட்டளை முதுகுத்தண்டுக்கு வருகிறது, அங்கிருந்து ஒரு நரம்புச்செல் அதைத் தசைக்குக் கொண்டுபோகிறது. நரம்பின் நுனியில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் கசிகிறது, நாரின் மேல்தோலில் மின்சாரம் ஓடுகிறது, உள்ளே வலைபோல் படர்ந்திருக்கும் பைகள் திறந்து கால்சியம் கொட்டுகிறது. அந்தக் கால்சியம் ட்ரோபோனின் என்ற புரதத்தில் உட்கார்ந்ததும் வடத்தின் மேல் கிடக்கும் மறைப்பு விலகுகிறது, கைகள் பிடிக்கின்றன. பிடித்த கை விடுபட ஏடிபி என்ற எரிபொருள் வேண்டும். உயிர் போன சில மணி நேரத்தில் உடல் விறைப்பது அந்த எரிபொருள் தீர்ந்து, பிடித்த கைகள் விடுபட முடியாமல் போவதால்தான். கால்சியம் என்றதும் பலர் மாத்திரையை நினைப்பார்கள். தசை தன் பைகளில் வைத்திருக்கும் கால்சியத்தைத்தான் வெளியே விட்டு மறுபடி உள்ளே இழுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் அளவு சரியாக இருப்பவருக்குக் கால்சியம் மாத்திரை கொடுத்தால் தொடை பலமாகாது.

இப்போது மூன்று வாரம் தேரே ஓடவில்லை என்று வையுங்கள். என்னென்ன கெடும்?

முதலில் கெடுவது கொட்டுச் சத்தம். இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் வீட்டில் யாரும் யோசிப்பதில்லை. ஒரு நரம்புச்செல்லும் அது ஆளும் தசைநார்களும் சேர்ந்தது ஒரு மோட்டார் யூனிட். தொடைத்தசையில் ஒரு யூனிட்டில் நூற்றுக்கணக்கான நார்கள் இருக்கும். மெதுவான வேலைக்குச் சின்ன யூனிட்டுகள் முதலில் எழும், பலம் கூடக்கூடப் பெரியவை சேர்ந்துகொள்ளும். எழுந்து நிற்பது போன்ற வேலைக்குப் பெரியவை வந்தே ஆக வேண்டும், அதுவும் சேர்ந்து வர வேண்டும், கட்டளையும் அடுத்தடுத்துத் தட்ட வேண்டும். படுக்கையில் கிடப்பவருக்கு இந்தப் பெரிய யூனிட்டுகளைக் கூப்பிட ஒரு காரணமும் இல்லை. சில நாளிலேயே மூளை அவற்றைக் கூப்பிடும் பழக்கத்தை விட ஆரம்பிக்கிறது. தசை அங்கேயே இருக்கிறது, கூப்பாடுதான் போய்ச் சேரவில்லை.

இதைக் கையால் தொட்டே பார்க்கலாம். படுக்கையில் இருப்பவரின் முழங்காலுக்குக் கீழே சுருட்டிய டவல் வைத்து, "முட்டியால் டவலை அமுக்குங்க" என்பேன். என் இரண்டு விரல் முட்டிச்சில்லுக்கு மேலே, உள்பக்கமாக, தொடையில் இருக்கும். நல்ல தசை விரலுக்குக் கீழே உடனே கல்லாகும். மூன்று வாரம் கிடந்தவரிடம் முதலில் ஒன்றும் நடக்காது. தாடை இறுகும், மூச்சைப் பிடிப்பார், கால் கட்டைவிரல் மேலே தூக்கும், மற்றொரு காலும் சேர்ந்து இறுகும். தொடை மட்டும் மெத்தென்று கிடக்கும். பிறகு தாமதமாக, தண்ணீருக்குள் மீன் புரண்ட மாதிரி ஒரு துள்ளல், உடனே அடங்கிவிடும். "பண்ணிட்டேனே" என்று அவர் என்னைப் பார்ப்பார். அவரைப் பொறுத்தவரை முழு பலத்தையும் கொடுத்துவிட்டார். பத்து, பதினைந்து தடவை அந்த இடத்தைத் தட்டி, "இங்கே, இங்கே" என்று காட்டினால் அதே நாளில், அதே படுக்கையில் அந்தத் துள்ளல் இறுக்கமாக மாறும். பதினைந்து நிமிடத்தில் சதை வளர்ந்துவிடாது. வழி திறந்தது, அவ்வளவுதான். இத்தனை வருடம் கழித்தும் அந்த இறுக்கம் விரலில் தட்டும்போது எனக்கு சந்தோஷமாக இருக்கும்.

தொடை நடுங்குவதற்கும் இதுதான் காரணம். குறைந்த யூனிட்டுகள் தங்கள் உச்ச வரம்புக்குப் பக்கத்தில் வேலை செய்யும்போது இழுப்பு சீராக இருக்காது, அலைஅலையாக வரும். உச்சபட்ச எடையைத் தூக்கும் பளுதூக்குபவருக்கும் கை நடுங்குவது இதனால்தான். அப்பாவுக்கு உச்சபட்ச எடை இப்போது அவர் உடம்புதான். சொந்தக்காரர் சொன்ன நரம்புத் தளர்ச்சி என்ற வார்த்தையை நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒட்டவைக்கிறார்கள். இங்கே நரம்பு அறுந்தோ நோயுற்றோ போகவில்லை, அதன் வேலைப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு, ஏனென்றால் பழக்கம் திரும்ப வரும்.

ஆரோக்கியமான இளைஞர்களின் ஒரு காலை மட்டும் கட்டிப்போட்டு நெதர்லாந்தில் செய்த ஆய்வு ஒன்று உண்டு. 5 நாளில் தொடைத்தசையின் குறுக்குவெட்டு அளவு 3.5 சதவீதம் குறைந்தது, பலம் 9 சதவீதம் குறைந்தது. 14 நாளில் அளவு 8 சதவீதத்துக்குச் சற்று மேல், பலம் 23 சதவீதம். அதாவது சதையைவிடப் பலம் இரண்டரை மடங்கு வேகத்தில் போயிருக்கிறது, அதுவும் இளைஞர்களுக்கு, நோய் எதுவும் இல்லாமல். இதே மாதிரி இன்னொரு 5 நாள் ஆய்வில் கட்டிய காலுக்கு மின்தூண்டல் கருவி வைத்துப் பார்த்தார்கள். சதை குறையவில்லை, பலம் குறைந்தது. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. வெளியிலிருந்து மின்சாரம் சதையைக் காப்பாற்றலாம், ஆனால் மூளையிலிருந்து வரும் கூப்பாட்டை அது பழக்குவதில்லை. சில வீடுகளில் கருவியை வாங்கி வைத்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அப்பா கருவியோடு சேர்ந்து தானும் இறுக்கினால்தான் பிரயோசனம்.

அடுத்தது கைகளின் எண்ணிக்கை. தசைப் புரதம் தினமும் உடைந்து தினமும் புதிதாகக் கட்டப்படுகிறது. வேலை இல்லாத தசையில் முதலில் கட்டுவது குறைகிறது. நோயில், காய்ச்சலில் உடைப்பதும் கூடுகிறது. உடைக்க வேண்டிய புரதத்துக்கு முத்திரை குத்தி அழிப்புக்கு அனுப்பும் ஏற்பாடு செல்லுக்குள் இருக்கிறது. அதில் தசை மெலிவுக்கென்றே வேகமெடுக்கும் இரண்டு மரபணுக்களை 2001-ல் கண்டுபிடித்தார்கள். இந்த அழிவில் மயோசின் நிறையப் போகிறது. ஒல்லியான நாரில் இழைகள் குறைவு என்பது ஒரு பக்கம். மிச்சமிருக்கும் நாரிலும் அதன் பருமனுக்கு ஏற்ற பலம் இல்லை என்பது இன்னொரு பக்கம். வடத்தில் ஆளும் குறைந்தார்கள், நிற்கும் ஆட்களுக்கு நடுவே இடைவெளியும் விழுந்தது. வயதானவர்களை 10 நாள் முழுப் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போனது. அவர்களும் நோயாளிகள் இல்லை, நல்ல ஆரோக்கியத்தோடு படுத்தவர்கள். உங்கள் அப்பாவுக்குக் காய்ச்சலும் சேர்ந்தது, நாளும் இரண்டு மடங்குக்கு மேல்.

எந்தத் தசை அதிகம் போகும் என்பதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. நம்மைப் பூமிக்கு எதிராக நிமிர்த்தி வைக்கும் தசைகள்தான் முதல் பலி: கெண்டைக்கால், தொடையின் முன்பக்கம், புட்டம், முதுகு. கைத்தசைகள் அவ்வளவு போவதில்லை, படுத்துக்கொண்டே டம்ளர் பிடிக்கிறோம், போன் பிடிக்கிறோம். விண்வெளிக்குப் போகிறவர்களுக்கும் இதே வரிசைதான், அதனால்தான் அங்கே தினமும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி விதித்திருக்கிறார்கள். 2025 ஜூன், ஜூலையில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்தில் செய்த சோதனைகளில் ஒன்று எடையற்ற நிலையில் தசை ஸ்டெம் செல்கள் என்ன ஆகின்றன என்பது பற்றியது. தசையைப் பொறுத்தவரை நீண்ட படுக்கையும் விண்வெளியும் பக்கத்து வீடுகள்.

மூன்றாவது, வரிசை. இதைப் பலர் கவனிப்பதில்லை. தசையைக் குறுகிய நிலையிலேயே பல நாள் வைத்திருந்தால், கோர்த்திருக்கும் பெட்டிகளிலேயே சிலவற்றை அது கழற்றிவிடுகிறது. பூனைகளில் செய்த பழைய ஆய்வில் கெண்டைக்கால் தசையைச் சுருங்கிய நிலையில் கட்டிவைத்தபோது வரிசையில் இருந்த சார்க்கோமியர்களில் 40 சதவீதம் குறைந்தன, கட்டை அவிழ்த்ததும் சில வாரங்களில் திரும்பின. சார்க்கோமியருக்கு ஒரு பிரியமான நீளம் உண்டு. வடமும் கைகளும் சரியாக மேல்படியும் அந்த நீளத்தில்தான் அது நன்றாக இழுக்கும். பெட்டிகள் குறைந்தால் பழைய நிலைக்கு நீட்டும்போது மிச்சப் பெட்டிகள் அளவுக்கு மீறி இழுபடுகின்றன, கைகளுக்கு வடம் எட்டுவதில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், படுக்கையில் அப்பாவின் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்திருந்தீர்களா? சுகமாக இருக்கட்டும் என்று எல்லா வீட்டிலும் வைப்பார்கள். போர்வையின் கனத்தில் பாதமும் கீழே தொங்கிக் கிடக்கும். நாள் கணக்கில் அப்படிக் கிடந்தால் தொடையின் பின்தசையும் கெண்டைக்காலும் குட்டையாகும். பிறகு எழும்போது குதிகால் தரையில் ஒட்டாது, பாதத்தைப் பின்னால் இழுத்து வைக்க முடியாது, எழுவது இரட்டைக் கஷ்டமாகும். இன்றைக்கே அந்தத் தலையணையை எடுத்துவிடுங்கள்.

தசையை எலும்போடு கட்டும் தசைநாண் தளர்வது, கால்சியம் கொட்டும் வேகம் குறைவது என்று இன்னும் உண்டு. விளைவு ஒன்றுதான்: இழுப்பு எழுவதற்கே நேரமாகிறது. தடுக்கியவர் சமாளித்து நிற்க ஒரு விநாடிகூடக் கிடைக்காது. நாற்காலியிலிருந்து ஒருவழியாக எழுந்துவிடும் முதியவர் பாத்ரூம் வாசலில் விழுவது அதனால்தான். பலம் இருந்தாலும் அது நேரத்துக்கு வந்து சேரவில்லை.

இனி என்ன செய்வது.

சோபாவை மறந்துவிடுங்கள். கைப்பிடி உள்ள டைனிங் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, மேலே கெட்டியான தலையணை ஒன்றோ இரண்டோ வைத்து உயர்த்துங்கள். அப்பா கையை ஊன்றாமல், கஷ்டப்பட்டு, ஆனால் எழுந்துவிட முடிகிற உயரம் எதுவோ அதுதான் ஆரம்ப உயரம். பிட்டத்தை நாற்காலியின் முன்பக்கம் நகர்த்தி, பாதங்களை முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரல்களைத் தாண்டும் வரை முன்னால் குனிந்து, பிறகு எழச் சொல்லுங்கள். நிறையப் பேர் நிமிர்ந்தபடியே எழப் பார்ப்பார்கள், அதில் தொடைக்கு வேலை வீணாக அதிகமாகும். எழும்போது வேகமாக எழ வேண்டும் என்ற நினைப்போடு எழட்டும், உடம்பு மெதுவாக வந்தாலும் பரவாயில்லை. அந்த நினைப்புதான் பெரிய யூனிட்டுகளைக் கூப்பிடுகிறது. உட்காரும்போது மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணி, மெதுவாக. தொப்பென்று விழக் கூடாது. ஐந்து தடவை ஒரு சுற்று, நாளைக்கு நாலு சுற்று. கடைசி இரண்டு தடவை சிரமமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் ஒரு தலையணையை எடுத்துவிடுங்கள். பெரியவர்களுக்குக் கால்களைப் படுக்கையில் ஆட்டும் லேசான பயிற்சிகளை மட்டும் கொடுத்து மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ரத்த ஓட்டத்துக்கு அது நல்லது. பலத்துக்குப் போதாது. தசை தன்னிடம் கேட்கப்பட்டதைத்தான் கொடுக்கக் கற்றுக்கொள்ளும்.

படுத்திருந்து எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழட்டும். நீண்ட படுக்கைக்குப் பிறகு நின்றதும் ரத்த அழுத்தம் சரியும், தலை சுற்றும். முதல் ஒரு வாரம் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள், இடுப்பில் கைவைத்து நின்றால் போதும். தண்ணீர் வேண்டுமா, அவரே எழுந்து போய்க் குடிக்கட்டும். பேப்பரை அவர் கட்டிலில் கொண்டு போய்க் கொடுக்காதீர்கள், ஜன்னலோரம் வையுங்கள். என் பாட்டி டைபாய்டில் கிடந்து எழுந்தபோது நாங்கள் ஆறு பேர் போட்டி போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் அவர் கைக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். அதற்குப் பிறகு அவர் தனியாக எழுந்ததே இல்லை. நான் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அது அன்பு என்றுதான் எங்களுக்குத் தெரியும்.

சாப்பாடு. நம் வீடுகளில் நோயாளி என்றால் இட்லி, ரசம் சாதம், கஞ்சி. வயிற்றுக்கு இதம்தான், ஆனால் ஒரு நாள் முழுவதும் இதையே சாப்பிட்டால் 30 கிராம் புரதம் சேர்வதே கஷ்டம். நோயிலிருந்து எழும் முதியவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை வேண்டும், 60 கிலோ என்றால் குறைந்தது 72 கிராம். வயதான தசை கொஞ்சம் புரதத்துக்கெல்லாம் அசைந்துகொடுக்காது, அதனால் மூன்று வேளையிலும் கணிசமாக இருக்க வேண்டும். முட்டை ஒன்றில் 6 கிராம். பனீர் 100 கிராமில் 18 கிராம் அளவில். கெட்டிப் பருப்பு, தயிர், சுண்டல், மீன் சாப்பிடுகிறவர் என்றால் மீன். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூட்டாதீர்கள். டானிக் பற்றிக் கேட்டீர்கள், அந்தப் பணத்துக்கு முட்டையும் பனீரும் வாங்கலாம். புரதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தே இருந்தாலும் வேலைக்காகாது, பயிற்சியும் அதுவும் சேர்ந்துதான். சர்க்கரை நோய் இருந்தால் இன்னொரு விஷயம்: படுக்கையில் கிடந்த தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையைச் சரியாக எடுத்துக்கொள்வதில்லை, அளவு ஏறியிருக்கும். நடமாட ஆரம்பித்ததும் இறங்கலாம், மாத்திரை அளவை டாக்டரிடம் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் இன்னும் ஒன்று கேளுங்கள்: ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டு கொடுத்தார்களா, எத்தனை நாள்? ஸ்டீராய்டு இடுப்பையும் தொடையையும் தனியாகவே பலவீனமாக்கும். பொட்டாசியம், தைராய்டு, வைட்டமின் டி பார்த்துவிடுவதும் நல்லது. பலவீனம் இரண்டு காலிலும் சமமாக இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் இருந்தால், மரத்துப்போனால், சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போனால், பேச்சு குழறினால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், நடக்கும்போது மூச்சு திடீரென்று வாங்கினால், நான் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எத்தனை நாளாகும் என்று கேட்பீர்கள். போன வேகத்தில் வராது, வயதானவர்களுக்கு இன்னும் மெதுவாக வரும். நான் பார்த்தவரை, தினமும் ஒழுங்காகச் செய்கிறவர்கள் இரண்டாவது வாரத்திலேயே ஒரு தலையணையைக் குறைத்துவிடுவார்கள். அது பெரும்பாலும் கூப்பாடு சீரானதால். சதை தெரிய இரண்டு மூன்று மாதமாகும். அதனால் டேப்பை எடுத்துத் தொடையை அளந்து மனம் தளராதீர்கள். அளக்க வேண்டியது வேறு: கையைக் கட்டிக்கொண்டு, தலையணை இல்லாத நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது? 15 விநாடிக்கு மேல் என்றால் பலம் இன்னும் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை பார்த்து காலண்டரில் எழுதிவையுங்கள்.

கேள்வியின் கடைசியில், ஒவ்வொரு கிருத்திகைக்கும் சேடா நகர் முருகன் கோயிலுக்குப் போவார், இனி முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். 108 படி. முதலில் உங்கள் பில்டிங்கின் ஒரு மாடி. ஏறுவதைவிட இறங்குவதுதான் அவருக்குப் பயமாக இருக்கும், அதற்குக் காரணம் உண்டு. இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது, அந்த வேலையில் நார்கள் அதிகம் இழுபடும், மறுநாள் வலிக்கும். இரண்டு நாளில் போகும் வலி அது. நாலு எண்ணி உட்காரச் சொன்னேனே, அது இந்த இறங்குதலுக்கான ஒத்திகைதான். மாடிப்படியில் கைப்பிடி சுவர் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் அவர், ஒரு படி கீழே நீங்கள். ஏறும்போது பலமான கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். அந்த ஒரு மாடியை நிற்காமல் ஏறி இறங்கிய பிறகு இரண்டு, பிறகு மூன்று. மூன்று மாடியும் ஒரே மூச்சில் முடிந்த வாரம், கூட்டமில்லாத ஒரு காலை நேரமாகப் பார்த்துக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.